ஊன்றிய முகம்

"மூணாவது தடவை சொல்லணும்மா. இதுதான் கடைசி" என்றாள் உமையாள். "இதுக்கப்புறம் நீங்களே நினைச்சாலும் இது மாறாது."

பிலோமினாவின் தலையை வெள்ளை வளையம் ஒன்று சுற்றியிருந்தது. வளையத்திலிருந்து கிளம்பிய கம்பிகள் சுவரோரம் நின்ற நினைவூன்றிக்குள் போயின. குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள பொறி அது. அதன் மேல் ஒரு சின்ன விளக்கு. உள்ளபடி நினைவிலிருந்து பேசினால் அது பச்சையாக எரியும். வாய்க்கு வந்ததைக் கற்பித்துப் பேசினால் சிவப்பு. மெய்விளக்கு என்று அதற்குப் பெயர்.

அவளுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கும் தூரத்தில், தம்பி சவரிமுத்து உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திருந்தான். அவன் சட்டையில் அவள் புருஷன் கிளாட்வினின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. குத்துப்பட்ட மச்சானைத் தூக்கி வண்டியில் போட்டவன் அவன்தான். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற நேரமில்லை. பார்த்ததை ஆறு மணி நேரத்துக்குள் ஊன்றியாக வேண்டும். அதற்குப் பின்னால் ஊன்றினால் நீதிமன்றத்தில் செல்லாது.

சாட்சிக்கு எதிரே நெருங்கிய உறவினர் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்பது விதி. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணைத் தனியறையில் ஒரு பொறியோடு விட்டுவைப்பது கொடுமை என்று சிலர் வருடக்கணக்கில் போராடி வாங்கிய விதி. நல்ல விதி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"அழுகை வந்தா தம்பி முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க" என்றாள் உமையாள். இதை அவள் எல்லாச் சாட்சிகளிடமும் சொல்வாள்.

பிலோமினா ஆரம்பித்தாள்.

"வலைக்கூடத்து வாசல்ல நிக்கேன். காலம்பற வெயிலு கடல்லயிருந்து எதுத்து அடிக்கி. கண்ணு கூசுது. அவிய குனிஞ்சு வலைய இழுத்துக்கிட்டு இருக்காவ. பின்னால ஒருத்தன் வாறான். நீலச் சட்ட. முதுகுதான் தெரியுது. குத்துதான். அவிய 'ஏளா பிலோமி'ன்னு கூப்பிட்டாவ. அவன் திரும்புதான்..."

நின்றாள். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் இந்த இடத்தில் "மூஞ்சி தெரியல, வெயிலு" என்று சொல்லியிருந்தாள். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.

சவரி அவள் கையை அழுத்தினான். குனிந்து அவள் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தான்.

"சொல்லுக்கா. நல்லா யோசிச்சுச் சொல்லு. மச்சானக் குத்துனவன விடப்பிடாது. யாரு அவன்?"

பிலோமினா அவன் முகத்தையே பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நீதாம்ல" என்றாள்.

விளக்கு பச்சையாகவே எரிந்தது. உமையாள் சட்டத்தில் சொல்லியிருந்தபடி விசையை அழுத்தினாள்.

*

நினைவு என்பது ஈர சிமெண்ட் மாதிரி. கண்டதும் கேட்டதும் மூளையில் விழுந்த சில மணி நேரத்துக்கு அது குழைவாக இருக்கும். அப்புறம் இறுகும். ஆனால் இறுகினது இறுகினபடி கிடப்பதில்லை. ஒன்றை நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மறுபடி ஈரமாகிறது. அந்த ஈரத்தில் இன்றைய கோபம், நேற்றுக் கேட்ட பேச்சு, பக்கத்து வீட்டுக்காரி சொன்ன கதை எல்லாம் கலந்துவிடும். கலந்து மறுபடி இறுகும். அதனால்தான் ஒரே கல்யாணத்தைப் பற்றிப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இருபது வருடம் கழித்து இரண்டு கதை சொல்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை.

நினைவூன்றி செய்தது ஒரே ஒரு வேலை. மறுபடி ஈரமாவதைத் தடுத்தது.

முதலில் நீதிமன்றங்கள் அதை எடுத்துக்கொண்டன. சாட்சி பிறழ்வது என்ற பேச்சே ஒழிந்தது. தலைமுறை தாண்டி நடந்த வழக்குகள் ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்தன. பிறகு அது கடைவீதிக்கு வந்தது. தாலி கட்டும் நேரத்தை ஊன்றிக்கொண்டார்கள். குழந்தையின் முதல் நடையை ஊன்றிக்கொண்டார்கள். தேர்வுக்குப் பாடப்புத்தகங்களை ஊன்றிக்கொண்டு எழுதிய ஒரு கூட்டமும் உண்டு. பாடத்தில் இருந்த மாவட்டங்கள் பின்னால் பிரிக்கப்பட்டபோது அவர்களால் புதிய எண்ணிக்கையைக் கற்க முடியவில்லை. காட்டினால் படிப்பார்கள், சரி என்பார்கள், அடுத்த நிமிடம் பழையதைச் சொல்வார்கள். அவர்களை வைத்து நகைச்சுவைத் துணுக்குகள் வந்தன. கற்பது என்றாலே பழையதைக் கொஞ்சம் அழிப்பதுதான் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை.

மூளைக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்கு ஓட்டை பிடிக்காது. தெரியாத இடத்தைத் தெரியாது என்று காலியாக விடாது. கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிடும். அடைத்தது தான்தான் என்று தனக்கே சொல்லாது. மெய்விளக்குக்கும் அது தெரியாது. பார்த்து வைத்த முகமும் அடைத்து வைத்த முகமும் அந்த விளக்குக்கு ஒரே பச்சைதான்.

சவரியை ஊன்றகத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். முந்தின வாரம் படகு எஞ்சின் விஷயமாக மச்சானும் அவனும் துறையில் சத்தம் போட்டுக்கொண்டதைப் பலர் பார்த்திருந்தார்கள். அதுவும் சேர்ந்துகொண்டது. ஊன்றிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

பிலோமினா தீர்ப்பு நாளில் எழுந்து நின்று அவன் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். நீதிமன்றத்துக்கு அவள் மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

*

அடுத்த வருடம் வேறொரு துறைமுகத்தில் வேறொருவனைக் குத்தியதற்காகப் பவுல்துரை என்ற விசைப்படகுக்காரன் பிடிபட்டான். விசாரணையில் அவன் வெள்ளப்பாறைத் துறையில் கிளாட்வினைக் குத்தியதையும் சேர்த்துச் சொன்னான். கரைக்குப் பக்கத்தில் விசைப்படகு இழுவை வலை போடக்கூடாது என்று கிளாட்வின் புகார் கொடுத்ததுதான் காரணம். கத்தியை எந்தப் படகுத்துறையில் வீசினான் என்று காட்டினான். முத்துக்குளிக்கும் குடும்பத்து ஆட்கள் இறங்கி எடுத்தார்கள். அதன் அலகு கிளாட்வினின் காயத்தின் அளவோடு அப்படியே பொருந்தியது.

சவரியின் வக்கீல் சாகுல் ஓடி வந்து பிலோமினாவிடம் சொன்னார். அவள் கருவாட்டுக் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"எவனாவது சொல்லுவான். நான் கண்ணால பாத்தேன் வக்கீலய்யா."

"நீங்க கத்திய வந்து பாருங்கம்மா."

பார்த்தாள். பவுல்துரையையும் பார்த்தாள். உயரம் பொருந்தியது. நீலச் சட்டை, கிளாட்வின் கடைசியாக 'ஏளா பிலோமி' என்று கூப்பிட்டது, எல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. அந்தக் கடைசி வார்த்தையை அவளும் குத்தியவனும் தவிர யாரும் கேட்டிருக்க முடியாது. சவரி அப்போது படகுகளின் பக்கம் இருந்து ஓடி வந்துகொண்டிருந்தான் என்று பவுல்துரையே சொன்னான்.

அவள் கண்ணை மூடினாள். வலைக்கூடத்து வாசல் வந்தது. வெயில் வந்தது. நீலச் சட்டை திரும்பியது. சவரியின் முகம். கவலையோடு, கண்ணில் நீரோடு, "சொல்லுக்கா" என்று கேட்கிற முகம். புருஷனைக் குத்திவிட்டுத் திரும்புகிற ஒருவனுக்கு எதற்கு அந்தக் கவலை என்று அன்றுதான் முதல்தடவையாக அவளுக்குத் தோன்றியது. அவள் நேராக ஊன்றகத்துக்குப் போனாள்.

"இத எடுத்துரு" என்றாள் உமையாளிடம்.

"எடுக்க முடியாதும்மா. எடுக்க முடிஞ்சா அதுக்குப் பேரு ஊன்றினதா?"

"அது பொய்யுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கலாம். நீங்க தெரிஞ்சுக்கிட்டது வேற இடத்துல போய் உக்காரும். பார்த்தது அது பாட்டுக்கு இருக்கும். ரெண்டும் பேசிக்காது."

"எந்தம்பிய ஏன் எம்முன்னால உக்கார வச்ச?"

"சட்டம்மா."

"ஒன் சட்டத்துல தீயக் கொளுத்த. அங்கன ஒரு தெருநாய உக்கார வச்சிருந்தா எம்புருசன நாய் கடிச்சுக் கொன்னுச்சுன்னு சொல்லியிருப்பேன். நாயோட போயிருக்கும்."

உமையாள் எழுந்து கதவைத் திறந்தாள். அடுத்த சாட்சி வெளியே காத்திருந்தார். அவருக்குத் துணையாக அவர் மகள் வந்திருந்தாள்.

*

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. புதிதாக வந்த வழி. அதற்கு மாறுரை என்று பெயர். ஊன்றிய சாட்சி தானே வந்து, "நான் பார்ப்பது வேறு, உண்மை வேறு" என்று சொல்லலாம். ஆனால் அது மட்டும் போதாது. தண்டனை பெற்றவனும் அதே மேடையில் மெய்விளக்கின் கீழ் தன் நினைவைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் விடுதலை. கத்தியைப் பற்றிச் சட்டம் அதிகம் கவலைப்படவில்லை. கத்திக்கு நினைவு கிடையாது.

"ஒங்க பாடுதான் கஷ்டம்" என்றார் சாகுல். "தம்பி பாடு ஒண்ணுமில்ல. மொத நாள்ல இருந்து நான் குத்தலன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கான். அத அங்க வந்து சொன்னாப் போதும்."

அவள் பாடு கஷ்டமாகத்தான் இருந்தது. சிறையில் முதல்முறை கம்பிக்கு அந்தப் பக்கம் சவரி வந்து நின்றபோது அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உடம்பு கேட்கவில்லை. புருஷனைக் கொன்றவன் எதிரே நிற்கிறான், உடம்புக்குத் தெரிந்தது அதுதான்.

"எக்கா" என்றான் சவரி. "பயப்படாத. நான் அங்கனயே நிக்கேன், கிட்ட வரல."

"நீ செய்யலலே" என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

"ஆமாக்கா. நான் செய்யல. படகுல எஞ்சினக் கழுவிக்கிட்டு இருந்தேன். சத்தங் கேட்டு ஓடியாந்தேன். மச்சான் எங்கையில வந்து விழுந்தாவ."

"தெரியும்லே."

"ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று அவன் அழுதான்.

அதன்பிறகு வாரம் தவறாமல் போனாள். வீட்டில் அவனுடைய சின்ன வயதுப் படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு "நீ செய்யல, நீ செய்யல" என்று சொல்லிப் பழகினாள். ஊன்றியதை அது தொடவில்லை. ஆனால் சுவரை விட்டு ஓரடி தள்ளி நிற்கப் பழகினாள். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் நிற்க. அவன் விரலைத் தொடும் அளவுக்கு வந்த அன்று சிறைக்காவலர் ஒருவர் அவளைப் பாராட்டினார்.

"ஒங்க தம்பியும் நல்லா முன்னேறிட்டான்மா" என்றார் கூடவே.

"என்ன முன்னேத்தம்?"

"இசைவு அமர்வுக்குப் போறான்லா. வந்த புதுசுல ஒண்ணுமே ஞாபகம் இல்லாம இருந்தான். இப்ப கொஞ்சங் கொஞ்சமா வருது."

இசைவு அமர்வு என்பது என்ன என்று அவள் விசாரித்தாள். ஊன்றிய சாட்சிக்கு மாறாகப் பேசும் கைதிகளுக்கு நினைவுக் கோளாறு இருப்பதாகச் சிறைத்துறை கருதியது. கோளாறைத் திருத்த வாரந்தோறும் ஒரு பெண் உளவியலர் வந்தார். அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. தேநீர் கொடுத்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்வார். அவன் சொல்வான். சொல்லி முடித்ததும் சாட்சியின் குரல் பதிவைப் போட்டுக் காட்டுவார். மறுபடி சொல்லச் சொல்வார். அவ்வளவுதான்.

சவரியின் நினைவை யாரும் ஊன்றவில்லை. குற்றவாளிக்கு எதற்கு ஊன்றுவது? அது எல்லோருடைய நினைவையும் போலக் குழைவாக இருந்தது.

"நீ அங்கன என்னலே சொல்லுத?" என்று அவனிடமே கேட்டாள்.

"உள்ளதத்தான் சொல்லுதேன். எஞ்சினக் கழுவிக்கிட்டு இருந்தேன்..." அவன் கொஞ்சம் யோசித்தான். "கழுவிக்கிட்டா இருந்தேன்? வலக்கூடத்துக்கு எதுக்கோ வந்தேன்லா?"

"சத்தங் கேட்டு வந்த."

"ஆங். சத்தங் கேட்டுத்தான்." பிறகு சிரித்தான். "ஒங்குரல அடிக்கடி கேக்கேங்க்கா. அங்கன ஒங்குரலு ஒண்ணுதான் நம்ம வீட்டுக் குரலு. அந்த அம்மா போட்டுவிட்டதும் நான் கண்ண மூடிக்கிடுவேன். வலக்கூடம் அப்பிடியே தெரியும்."

அவள் சாகுலிடம் ஓடினாள். அமர்வை நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். சாகுல் மனு போட்டார். கைதியின் நலனுக்காக நடப்பதை நிறுத்தக் காரணமில்லை என்று பதில் வந்தது. மாறுரை விசாரணைக்குச் சீக்கிரம் நாள் கேட்டார். கோடை விடுமுறைக்குப் பிறகு என்றார்கள்.

*

நீதிமன்றத்தில் பிலோமினா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மேடையேறினாள். வளையத்தை மாட்டினார்கள். அவள் பல மாதம் பழகியதைச் சொன்னாள்.

"எங்கண்ணு எந்தம்பியக் காட்டுது. எப்பக் கேட்டாலும் அதத்தான் காட்டும். ஆனா குத்துனது அவன் இல்ல. ஊன்றும்போது எம்முன்னால உக்காந்திருந்தது அவன் மூஞ்சி. அந்த மூஞ்சிய நான் எடுத்து ஒட்டிட்டேன். பொறி அத அப்பிடியே இறுக்கிட்டு."

நீதிபதி குறித்துக்கொண்டார். அவர் பொறுமையானவர். அவசரப்படுத்தவில்லை.

"உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு புரியுதும்மா" என்றார். பிறகு சவரியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

சவரி மெலிந்திருந்தான். வளையம் அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது. அவன் அக்காளைப் பார்த்தான். பார்வையில் ஒரு பரிவு இருந்தது, நோயாளியைப் பார்ப்பதுபோல.

"அக்கா என்னையக் காப்பாத்தப் பாக்குதாய்யா" என்றான். "அது நல்ல மனசு. அவள ஒண்ணும் சொல்லாதிய."

"என்னலே சொல்லுத?" என்றாள் பிலோமினா.

"அம்மா, குறுக்கே பேசக்கூடாது."

"மொதல்ல எனக்கு ஞாபகம் இல்லய்யா" என்றான் சவரி. "நான் என்னென்னமோ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எஞ்சினக் கழுவுனேன்னு. இப்ப நல்லாத் தெரியுது. காலம்பற வெயிலு கடல்லயிருந்து எதுத்து அடிக்கி. கண்ணு கூசுது. மச்சான் குனிஞ்சு வலைய இழுத்துக்கிட்டு இருக்காவ. பின்னால நீலச் சட்ட போட்டவன் வாறான். முதுகுதான் தெரியுது. குத்துதான். 'ஏளா பிலோமி'ன்னு மச்சான் கூப்பிட்டாவ. அவன் திரும்புதான்."

அவன் தலையில் நழுவிய வளையத்தைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

"பாத்தா, நானு."

மெய்விளக்கு பச்சையாக எரிந்தது.

"அது என் கண்ணு!" என்று கத்தினாள் பிலோமினா. "ஐயா, அவன் படகுப் பக்கம் இருந்து வந்தவன். வெயிலு அவன் முதுகுல அடிக்கும், மூஞ்சில எப்பிடி அடிக்கும்? குத்துனவனுக்குத் தன் முதுகு எப்பிடித் தெரியும்? அவன் சொல்லுதது வாசல்ல நின்னு நான் பாத்தது! எந்தலையில இருக்குறதத்தான் அவன் சொல்லுதான்!"

நீதிபதி கையை உயர்த்தினார். காவலர்கள் அவளை உட்கார வைத்தார்கள்.

"அம்மா, நிதானமாப் பதில் சொல்லுங்க. அவர் இப்ப சொன்னது, நீங்க அன்னைக்குப் பார்த்ததுதானா?"

"ஆமா. அதத்தான் நானும்..."

"ஒவ்வொண்ணும் அப்படியேவா?"

அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் போதும் என்று அவள் இன்னமும் நம்பினாள்.

"அச்சு அசலா" என்றாள்.

நீதிபதி எழுதினார். தம் பணிக்காலத்தில் ஒரு சாட்சியின் நினைவும் ஒரு குற்றவாளியின் நினைவும் சொல்லுக்குச் சொல் இவ்வளவு தூரம் ஒத்துப்போய்த் தாம் கண்டதில்லை என்று தீர்ப்பில் குறிப்பிட்டார். தண்டனை உறுதியானது. குற்றவாளி உளமாரத் திருந்தியதைக் கருதி அவனை நல்ல வசதியுள்ள பிரிவுக்கு மாற்றச் சொன்னார். பவுல்துரையின் வாக்குமூலம் ஊன்றப்படாதது என்பதால் அதை ஏற்க முடியாமல் போனதற்கு வருத்தமும் தெரிவித்தார்.

சாகுல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சவரியை இறக்கிக்கொண்டு போகும்போது அவன் அக்காளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டான். அனுமதித்தார்கள். அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் உடம்பு பழக்கத்தில் பின்வாங்கியது. அவள் அதை இழுத்து நிறுத்தினாள்.

"எக்கா. மச்சானக் கொன்னுட்டேங்க்கா. ஏன் கொன்னேன்னு எவ்வளவு யோசிச்சும் தெரியல. அது ஒண்ணுதான் வர மாட்டுக்கு. ராத்திரி ஒறக்கமே இல்ல. ஒன் வாயால மன்னிச்சிட்டேன்னு ஒரு சொல்லுச் சொல்லேன்."

"நீ செய்யலலே."

"அப்பிடிச் சொல்லாதக்கா. எல்லாரும் கைய விட்டாலும் பரவாயில்ல. நீ பாத்தவ. நீயும் இல்லன்னு சொன்னா நான் பைத்தியமாயிருவேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை காலமும் அவள் தலைக்குள் திரும்பிக்கொண்டே இருந்த முகம். அதில் இருந்தது கவலை, கண்ணீர், ஒரு பதிலுக்கான கெஞ்சல். செய்யவில்லை என்று சாதிக்க அந்த அறையில் அவள் ஒருத்திதான் மிச்சம். சாதித்தால் அவன் எங்கே போய் நிற்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டேம்லே" என்றாள் பிலோமினா.

அவன் பெருமூச்சு விட்டு அவள் காலில் நெற்றியை வைத்தான். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி இன்னும் இருக்கையை விட்டு எழவில்லை; விசாரணை இன்னும் முடியவில்லை என்று பொருள். எழுத்தர் அந்தச் சொல்லையும் பதிவில் சேர்த்துக்கொண்டார்.